குடில் விழாவில் குழந்தைகள்

தமிழ் விவிலியத்தைப் படித்தவர்க்குக் 'கூடாரப்பண்டிகை' என்னும் சொல் பழக்கமானது. யூத மக்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் கொண்டாடும் சுக்கோத் என்னும் விழாவுக்கு மொழிபெயர்ப்பாளர் இட்ட பெயர் அது. பெயர் நிலைத்துவிட்டது, ஆயினும் முற்றும் பொருந்திய பெயர் அன்று. கூடாரம் என்றதும் தமிழர் மனத்தில் தோன்றுவது துணியாலோ தோலாலோ ஆகிய கூரை. யூதச் சட்டப்படி துணிக் கூரையின்கீழ் உட்கார்ந்தவன் விழாக் கடமையைச் செய்தவன் ஆகமாட்டான். சுவர் துணியாக இருக்கலாம். மரமாகவோ செங்கல்லாகவோ இருப்பினும் குற்றமில்லை. கூரை மட்டும் மண்ணில் முளைத்ததாய், மண்ணினின்றும் வெட்டப்பெற்றதாய் இருத்தல் வேண்டும். ஓலை, தழை, கிளை, நாணல், மூங்கில் ஆகிய எதுவும் ஆகும். எபிரேய மொழியில் சுக்கா என்பது ஒருமை. சுக்கோத் என்பது பன்மை. ஓலை வேய்ந்த குடில் என்றோ பந்தல் என்றோ சொன்னால் தமிழருக்குச் சட்டென விளங்கும்.

யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் இவ்விழா தொடங்குகிறது. ஆங்கில மாதக் கணக்கில் செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோ வரும். பாவமன்னிப்பு வேண்டி முழுநாள் உண்ணா நோன்பிருக்கும் யோம் கிப்பூர் முடிந்து ஐந்தாம் நாள் இது. பழைய நாளில் அறுவடை முடிந்து தானியமும் திராட்சையும் வீடு சேர்ந்த காலம். எகிப்தினின்றும் வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் தங்கியதைப் பின்வரும் தலைமுறைகள் அறியும்பொருட்டு ஏழு நாள் குடிலில் வாழ வேண்டுமென்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. அந்தக் குடில்கள் மெய்யான குடில்களா, இறைவன் நிழலாகக் கவித்த மேகங்களா என்பதில் பழைய ஆசிரியர்களான ரபி அக்கிவாவும் ரபி எலியேசரும் மாறுபட்டனர். மேகம் என்றவர் ரபி எலியேசர். மெய்க்குடில் என்றவர் ரபி அக்கிவா.

பின்வரும் தலைமுறைகள் அறியும்பொருட்டு என்னும் காரணத்தைக் கருதும்போது, இது முதலிலிருந்தே குழந்தைகளை நோக்கிய விழா என்பது விளங்கும். ஆனால் சட்ட நூல்களைத் திறந்தால் முதலில் காணப்படுவது குழந்தைகளுக்கு இக்கடமை இல்லை என்பதே. இந்த முரணை எவ்வாறு தீர்த்தனர் என்பதே ஆசிரியர்களுக்குச் சுவை தரத்தக்க பகுதி. அதற்குமுன் குடிலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

ஏறத்தாழ கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் சுக்கா என்ற பெயரிலேயே ஒரு பகுதி உண்டு. குடிலின் கூரை இருபது முழத்துக்கு மேல் உயரலாகாது. பத்துக் கையகலத்துக்குத் தாழலாகாது. இருபது முழத்துக்கு மேற்பட்டால் உள்ளே இருப்பவன் கண்ணுக்குக் கூரை படாது, தான் குடிலில் இருப்பதை அவன் அறியமாட்டான் என்று பிற்கால உரை காரணம் கூறுகிறது. கூரையால் வெயிலினும் நிழல் மிகுதியாதல் வேண்டும். அதே வேளையில், அடர்த்தியாக வேய்ந்து அடைத்துவிடாமல் இரவில் அதனூடே விண்மீன் தெரியுமாறு விடுதல் சிறப்பு. பாயைப் பற்றிய விதி ஒன்று தமிழருக்கு எளிதில் புரியக்கூடியது. படுப்பதற்கென முடைந்த பாயைக் கூரையாகப் போடலாகாது. கூரைக்கென்றே முடைந்ததாயின் போடலாம். இரண்டும் ஒரே நாணல், ஒரே முடைவேலை. தென்னங்கீற்றையும் படுக்கைப் பாயையும் வேறு வேறு பெயரால் வழங்கும் மக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

குடிலுக்கு மேலே வேறொன்றும் இருத்தலாகாது என்பதும் விதி. மரத்தடியில் கட்டிய குடில் செல்லாது. ஒரு குடிலின்மேல் மற்றொன்று கட்டினால் கீழுள்ளது செல்லாது. இன்றைய நகர வாழ்வில் இவ்விதி பெரிய விளைவை உண்டாக்கிவிட்டது. அடுக்குமாடி வீடுகளில் ஒருவர் மாடத்தின்மேல் இன்னொருவர் மாடம் கவிந்திருக்கிறது. அங்கே எத்தனை ஓலை வேய்ந்தாலும் அது சுக்கா ஆகாது. தோட்டமோ திறந்த மொட்டைமாடியோ இல்லாத குடும்பங்களுக்கு, தொழுகைக்கூடத்தின் முற்றத்தில் ஊரார் கூடிக் கட்டும் பொதுக் குடிலே குடில். பல நாடுகளில் ஒரு யூதக் குழந்தை முதன்முதலாக விண்மீன் தெரியும் கூரையின்கீழ் உட்கார்ந்து உணவு உண்பது தன் வீட்டில் அன்று, தொழுகைக்கூடத்து முற்றத்திலேயாம்.

பெரியவர்கள் சட்டம் நிறுத்திக் கூரை போடுவர். அலங்காரம் குழந்தைகளின் பங்கு. வண்ணத் தாளைக் கத்தரித்து வளையம் வளையமாக ஒட்டித் தோரணம் செய்வதும், படம் எழுதிச் சுவரில் தொங்கவிடுவதும், மாதுளையும் திராட்சைக் குலையும் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிடுவதும் அவர்கள் வேலை. மூன்று வயதுக் குழந்தையும் ஒரு வளையமேனும் ஒட்டும். இந்த அலங்காரத்துக்கும் சட்டம் உண்டு. குடிலுக்கென்று தொங்கவிட்ட பழத்தை விழா முடியும்வரை உண்ணலாகாது. வாதுமை, பீச்சு, மாதுளை, திராட்சை என்று தல்மூது பெயர் பெயராக எடுத்துச் சொல்கிறது. முன்கூட்டியே விலக்குக் கூறி வைத்தாலன்றி அவை தீண்டத்தகாதவை. தலைக்கு மேலே திராட்சை, கீழே ஐந்து வயதுக் குழந்தை, இடையில் ஒரு வாரம். பொறுமையைக் கற்பிக்க இதனினும் நேரான பாடம் எவரும் எழுதியிருக்க முடியாது.

இனிக் குழந்தையின் கடமை. மிஷ்னா, சிறுவரைச் சுக்காக் கடமையினின்றும் விலக்கிவிட்டு, அடுத்த வரியிலேயே, தாய் தேவைப்படாத குழந்தைக்குக் கடமை உண்டு என்கிறது. தாய் தேவைப்படாத குழந்தை என்பது யார்? தல்மூது இதற்கு இரண்டு விடை கூறுகிறது. ரபி யன்னாயின் பள்ளியார், காலைக்கடன் கழித்தபின் தாய் வந்து துடைத்துவிட வேண்டாத பருவம் என்றனர். ரபி ஷிமோன் பென் லாகிஷ், உறக்கத்தினின்று விழித்ததும் அம்மா என்று கூப்பிடாத குழந்தை என்றார். உடனே ஒரு தடை எழுகிறது: வளர்ந்தவர்கூட விழித்ததும் அம்மாவைக் கூப்பிடுவதுண்டே! அதற்கேற்ப விதி திருத்தம் பெறுகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டு, அம்மா வரும்வரை விடாத குழந்தைக்குக் கடமை இல்லை. ஒரு முறை கூப்பிட்டு அடங்கிவிடும் குழந்தைக்கு உண்டு. பிற்காலச் சட்ட நூல்கள் இப்பருவத்தை ஐந்து ஆறு வயது என்று வரையறுத்தன. ஆயினும் வயதுக் கணக்கினும் அந்தப் பழைய அளவுகோலே நுட்பமானது என்று பிள்ளை வளர்த்தவர் சொல்வர். இருட்டில் விழித்த குழந்தையின் குரலைக் கேட்டுச் சட்டம் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே சட்டத்துக்கு நேர்மாறாக ஒரு நிகழ்ச்சியையும் மிஷ்னா பதிந்து வைத்திருக்கிறது. ஷம்மாய் என்னும் பேராசிரியர், ஹில்லேலின் சமகாலத்தவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். விழா நாளில் அவர் மருமகள் ஒரு பிள்ளையைப் பெற்றாள். கைக்குழந்தைக்குக் கடமை இல்லை என்பதையே ஷம்மாய் ஏற்கவில்லை. பிள்ளை பெற்றவளை முற்றத்துக்கு எழுப்பிக் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே கட்டிலுக்கு மேலே மச்சின் சாந்தைப் பெயர்த்து, அந்தத் திறப்பில் தழை வேய்ந்து, பிறந்த குழந்தையைக் குடிலுக்குள் இருக்கச் செய்தார். சட்டம் அவர் வழியில் செல்லவில்லை. எனினும் அந்நிகழ்ச்சியைத் தொகுப்பாசிரியர் நீக்கிவிடவுமில்லை. கண்டிப்பானவர் என்று பெயர் பெற்ற ஒருவர், குழந்தையைக் குடிலுக்குத் தூக்கிச் செல்லாமல் குடிலைக் குழந்தையிடம் கொண்டுவந்தார் என்பதைப் படிப்பவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

விழாவின் மற்றொரு கடமை நான்கு வகைத் தாவரங்களைக் கையில் ஏந்துதல். எத்ரோக் என்பது நாரத்தை இனத்துக் கனி, எலுமிச்சையினும் பெரிது, தோல் தடித்து மேடும் பள்ளமுமாய் இருக்கும், சாறு குறைவு, மணம் மிகுதி. லூலாவ் என்பது பேரீந்தின் விரியாத குருத்தோலை. அதனுடன் மணமுள்ள மிர்ட்டில் செடியின் கிளை மூன்றும், ஆற்றோரத்து வில்லோ மரத்தின் கிளை இரண்டும் சேர்த்துக் கட்டுவர். இவற்றை ஏந்தி நான்கு திசையும் மேலும் கீழுமாக அசைப்பர். குருத்தோலை முதுகெலும்பு, மிர்ட்டில் இலை கண், வில்லோ இலை உதடு, கனி நெஞ்சு என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. தொழுகைக்கூடத்துப் பள்ளிகளில் சிறுவர்க்கு இதனைச் சொல்லித் தருவது வழக்கம். தம் உடம்பையே தொட்டுக் காட்டக்கூடிய பாடம் ஆதலின் எளிதில் மறப்பதில்லை.

எத்ரோக் விலையுயர்ந்த பொருள். காம்புக்கு எதிர்முனையில் சில கனிகளில் சிறு குமிழ் ஒன்று இருக்கும். அது உடைந்தால் முதல் நாளைக்கு அந்தக் கனி உதவாது. இயற்கையாகவே குமிழின்றி வளர்ந்த கனிக்கு அக்குற்றம் இல்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எது ஏற்றது என்று சொல்லவேண்டுவதில்லை.

ஆனால் குமிழ் உடைவதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. முதல் நாளில் ஏந்தும் நான்கு வகையும் ஏந்துபவனுடைய சொந்தப் பொருளாய் இருத்தல் வேண்டும். சொந்தமாக வாங்க இயலாதவருக்குப் பிறர் தம்முடையதை அன்பளிப்பாகக் கொடுப்பர். அவர் கடமையை முடித்துத் திரும்ப அன்பளிப்பாகத் தருவார். ஒரு தொகுதியைக் கொண்டு ஊரே கடமையை முடிக்கலாம். ஆனால் குழந்தை கையில் கொடுத்தால்? குழந்தை ஒரு பொருளை உடைமையாகப் பெறும். பிறருக்கு உடைமையாக்கித் தரச் சட்டப்படி அதனால் இயலாது. கொடுத்தது போய்விட்டது! அப்பா கேட்டால் குழந்தை கனியைத் திருப்பி நீட்டும். ஆனால் சட்டத்தின் முன் அது இன்னும் குழந்தையின் கனியே. ஆதலின் முதல் நாளில், பெரியவர்கள் எல்லாரும் முடிக்கும்வரை, குழந்தைக்கு லூலாவை உடைமையாகக் கொடுக்கலாகாது என்றார் ரபி ஸேரா.

அவரே அடுத்த சொல்லாக வேறொன்றும் கூறினார். குழந்தையிடம் ஒன்றைத் தருவதாகச் சொல்லித் தராமலிருத்தல் ஆகாது; அது குழந்தைக்குப் பொய்யைக் கற்பிப்பதாகும். தல்மூதில் இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தொகுத்தவர் ஒருவரே சொன்னவை என்பதால் சேர்த்து வைத்திருக்கலாம். ஆயினும் தொழுகைக்கூடத்தில் கனிக்காகக் கை நீட்டி நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையை நினைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள உறவு தெளிவாகும். இப்பொழுது கொடுக்க முடியாது. பிறகு தருகிறேன் என்று சொல்லவேண்டும். சொன்னபின் தந்தே ஆகவேண்டும். தொழுகை முடிந்து எல்லாரும் உணவுக்கு விரைகையில் இது எளிதில் மறந்துபோகும். மறந்தால் என்ன ஆகும் என்பதையே ரபி ஸேரா எச்சரித்தார். இக்காலத்தில் சிலர் பிள்ளைக்கென்றே தனித் தொகுதி வாங்கிவிடுகின்றனர். மிகச் சிறியவர்க்குத் துணியால் தைத்த விளையாட்டு லூலாவும் கடைகளில் கிடைக்கிறது.

ஏழாம் நாளைப் பற்றிய ஒரு மிஷ்னா வாக்கியம் உரையாசிரியர்களைப் பிரித்துவிட்டது. பலிபீடத்தைச் சுற்றி வந்து முடிந்ததும் லூலாவ்கள் நழுவவிடப்படுகின்றன, எத்ரோக்குகள் உண்ணப்படுகின்றன என்பது அதன் செய்தி. செய்தவர் யார்? அங்கு வரும் எபிரேயச் சொல் 'மியாத்'. மி என்றால் இலிருந்து. யாத் என்றால் கை. பிரித்துப் பார்த்தால் கையிலிருந்து என்று பொருள். வழக்கில் உடனே என்று பொருள். தமிழில் கையோடு முடித்துவிடு என்கிறோமே, ஏறக்குறைய அவ்வாறே கை என்னும் சொல் காலத்தைக் குறிக்க வந்துள்ளது. 1040 முதல் 1105 வரை பிரான்சில் வாழ்ந்த பெரும் உரையாசிரியர் ராஷி, கையிலிருந்து என்றே பொருள் கொண்டார். அவர் கருத்துப்படி, பெரியவர்கள் குழந்தைகளின் கையிலிருந்து லூலாவைப் பறித்து, அவர்கள் கனியைத் தின்றுவிடுவர். மகிழ்ச்சியால் வந்த வழக்கமாதலின் அது களவாகாது. அவருக்குப்பின் வந்த தோசபோத் உரைகாரர், உடனே என்ற பொருளையும் எடுத்துக்காட்டினர். அதன்படி குழந்தைகள் தாமே தம் லூலாவைப் போட்டுவிட்டுத் தம் கனியைத் தின்றனர்.

இரண்டில் எது சரி என்பது இலக்கணத்தால் தீராது. ரபி ஸேராவின் சொல்லை அருகில் வைத்து நோக்கினால், பெரியவர் பறித்தனர் என்பது சற்று உறுத்தத்தான் செய்கிறது. மற்றைய உரை குழந்தை இயல்புக்கு நெருங்கியது. ஏழு நாள் தொடாதே, கீழே போடாதே, குமிழை உடைக்காதே என்று கேட்டு வந்த பிள்ளை, இனி வேண்டாம் என்றதும் முதலில் செய்யக்கூடியது கடித்துப் பார்ப்பதுதான். தடித்த தோலும் கசப்பும் அதனைத் தடுத்திரா.

மழையைப் பற்றி ஒரு சொல். மழை பெய்து உணவு கெடும் அளவு வந்தால் குடிலை விட்டு வீட்டுக்குள் போகலாம் என்பது விதி. இஸ்ரேல் நாட்டில் அப்பருவத்தில் மழை அரிது. பெய்தால் அதனை இறைவனுடைய அதிருப்தியின் குறியாக மிஷ்னா கருதியது. சிங்கப்பூரிலோ அக்டோபர்ப் பிற்பகல் மழை யார்மீதும் கோபத்தால் வருவதன்று. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவது குழந்தைகளுக்கு விழாவின் ஒரு பகுதியாகவே தோன்றும்.

குழந்தைகள் வந்தால் சத்தமும் வரும். தொழுகைக்கூடத்தில் அவர்களை உட்காரவைப்பதா, வெளியே விளையாடவிடுவதா என்னும் கேள்வி புதிதன்று. பழங்காலத்தில் ஏழாண்டுக்கொருமுறை, இதே விழாவில், ஆண் பெண் சிறுவர் யாவரையும் எருசலேமில் திரட்டி வேதத்தைப் படித்துக் காட்ட வேண்டுமென்று உபாகமம் கட்டளையிட்டது. ஆடவர் கற்க வருகின்றனர், பெண்டிர் கேட்க வருகின்றனர், குழந்தைகள் எதற்கு என்று ரபி எலாசர் பென் அசரியா வினவினார். அழைத்து வருபவர்க்கு நற்பலன் கிடைக்கும்பொருட்டு என்று அவரே விடை கூறினார். இதனை மாணவர் வாயிலாகக் கேட்ட முதிய ரபி யெகோசுவா, இத்தகைய முத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லாமல் இருக்கப் பார்த்தீர்களே என்று கடிந்துகொண்டதாகத் தல்மூது கூறுகிறது. விடை மேலோட்டமாகப் பார்த்தால் விந்தையானது. குழந்தைக்கு என்ன பயன் என்று அது சொல்லவேயில்லை. ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாதி உரையைக் கேட்டும் பாதியைக் கேளாமலும், முற்றத்துக்கும் கூடத்துக்குமாக நடக்கும் தாய்க்கு வேறு எந்த விடையும் ஆறுதல் தந்திராது. எபிரேயத்தில் கல்விப் பயிற்சிக்கு 'ஹினுக்' என்று பெயர். புது வீட்டையும் புதுக் கோவிலையும் திறந்து பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் சடங்குக்கும் அதே வேர்ச்சொல். விளங்கிக்கொள்வதற்கு முன்பே புகுத்துதல் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஏழு நாளும் முடிந்தபின் வரும் நிறைவு நாள்களில் சிம்ஹத் தோரா என்னும் மகிழ்ச்சி விழா அமைகிறது. ஆண்டு முழுதும் வாரந்தோறும் படித்து வந்த ஐந்நூலின் கடைசிப் பகுதியைப் படித்து முடித்து, அன்றே முதற்பகுதியைத் தொடங்குவர். சுருள்களை ஏந்தி ஆடிப் பாடுவர். பல சபைகளில் அன்று எல்லாக் குழந்தைகளையும் மேடைக்கு அழைத்து, தலைக்குமேல் பெரிய தொழுகைத் துகிலை நான்கு புறமும் பிடித்து, அதன்கீழ் நிற்கச் செய்து வாழ்த்துவர். ஓலைக் கூரைக்குப் பதில் அன்று துணிக் கூரை! 1663ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் தொழுகைக்கூடம் ஒன்றைப் பார்க்கச் சென்ற சாமுவேல் பெப்பிஸ், ஒழுங்கும் அமைதியும் இல்லாத வழிபாடு என்று தம் நாட்குறிப்பில் வியந்து வெறுத்து எழுதினார். அவர் போன நாள் சிம்ஹத் தோரா என்பது அவருக்குத் தெரியாது. ஒரு சமூகத்தை ஒரே நாளில் பார்த்து முடிவு கட்டுபவர் எக்காலத்திலும் உண்டு.

இந்த வட்டாரத்திலும் இவ்விழா புதியதன்று. தென்னிந்தியாவில் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது; அங்கிருந்த யூதர் பெரும்பாலோர் 1948க்குப்பின் இஸ்ரேலில் குடியேறினர். சிங்கப்பூருக்குப் பாக்தாது வழிவந்த யூத வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தனர். வாட்டர்லூ தெருவில் 1878இல் மகேன் அபோத் தொழுகைக்கூடமும், ஆக்ஸ்லி ரைசில் 1905இல் செசெட் எல் தொழுகைக்கூடமும் எழுந்தன. 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் இச்சமூகத்தவர். பினாங்கிலும் நாகூர் சாலையில் ஒரு தொழுகைக்கூடம் 1929 முதல் இருந்தது. கூட்டுத் தொழுகைக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பதின்மர் வேண்டும் என்பது பழைமையான விதி. பெரியவர் மறைந்தும் இளையவர் வெளிநாடு சென்றும் அந்தப் பதின்மர் சேரவில்லை. 1976இல் அது மூடப்பட்டது.

குடிலைப் பிரிக்கும் வேலை கட்டும் வேலையினும் விரைவாக முடியும். கூரைக் கிளைகளை ஒரு புறம் குவிப்பர். சட்டங்களை அடுத்த ஆண்டுக்காக எண் எழுதி அடுக்குவர். சில குடும்பங்கள் காய்ந்த லூலாவை எறியாமல் வைத்திருந்து, ஆறு மாதம் கழித்துப் பாஸ்கா விழாவுக்கு முன் புளித்த மாவுப் பண்டங்களை எரிக்கும் தீயில் இடுவர். எத்ரோக் சர்க்கரைப் பாகில் வெந்து இனிப்புத் தொக்காகும். கூரையிலிருந்து இறக்கிய திராட்சை அதற்குள் சற்று வாடியிருக்கும். ஆயினும் ஒரு வாரமாக அதனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.